ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் ஒரு கன்ட்ரோலர்: பழகியதில் தெரிந்துகொண்டவை

தொடுதிரையில் விளையாடும்போது நம்முடைய கட்டைவிரல்களே திரையின் இரண்டு ஓரங்களையும் மறைத்துக்கொண்டிருக்கும். பழகிப்போய்விடுவதால் அது குறையாகவே தெரியாது. டேப்லெட்டை மேசைமேல் நிறுத்திவைத்து, கையில் பிடித்துப் பட்டன்களால் விளையாடும் ஒயர்லெஸ் கேம் கன்ட்ரோலரை இணைத்து, கைகளை மடியில் தளர்வாக வைத்துக்கொண்டு ஒரு மாலை விளையாடிப் பாருங்கள். அதுவரை எவ்வளவு படத்தைப் பார்க்காமலே விட்டிருக்கிறோம் என்பது புரியும். அதைவிடப் பெரிய வித்தியாசம் விரல் நுனியில் இருக்கிறது. கண்ணாடியில் வரைந்த பட்டனுக்கு விளிம்பு கிடையாது. விரல் சற்று நகர்ந்துவிட்டால் தெரிவதே இல்லை. உண்மையான பட்டனில் விரல் தானாகவே இடத்தைக் கண்டுகொள்ளும். ஓடித் தாவும் கேம்களுக்கும் சண்டை கேம்களுக்கும் இந்த ஒரு காரணத்துக்காகவே கன்ட்ரோலர் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சில வருடங்களாக ஓர் ஆண்ட்ராய்டு ஃபோனிலும் ஓர் ஐபேடிலும் வெவ்வேறு கன்ட்ரோலர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். விடுமுறைக்கு வரும் அக்கா மகன் தன்னுடையதையும் கொண்டுவருவான். இதிலெல்லாம் எனக்கு உறுதியாகத் தெரியவந்தது ஒன்று. கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை என்று சொல்கிற பெரும்பாலான நேரங்களில் கன்ட்ரோலரில் கோளாறே இருக்காது. அது ஃபோனிடம் தன்னை என்ன சாதனம் என்று சொல்லிக்கொள்கிறது, கேம் அதை ஏற்றுக்கொள்கிறதா என்ற இரண்டில்தான் சிக்கல் இருக்கும். இது தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

கேமிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். ஃபோன் கன்ட்ரோலரை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்காக எல்லா கேமும் ஏற்றுக்கொண்டுவிடாது. கேமை உருவாக்கியவர்கள் அதற்கென்று தனியாக வேலை செய்திருக்க வேண்டும். மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி, டெட் செல்ஸ் போன்றவற்றில் இணைத்தவுடன் விளையாடலாம். கால் ஆஃப் டியூட்டி மொபைலில் ஆட்டத்துக்குள் கன்ட்ரோலர், மெனுவுக்குத் தொடுதிரை என்று இரண்டும் கலந்து வரும். கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களை அதேபோல் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களோடுதான் மோதவிடுவார்கள். பப்ஜி மொபைல் கன்ட்ரோலரை ஏற்பதில்லை. ஐஃபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: ஆப் ஸ்டோரில் கேமின் பக்கத்திலேயே கன்ட்ரோலர் ஆதரவு உண்டா என்று குறிப்பிட்டிருக்கும். ஆண்ட்ராய்டில் கேமைத் திறந்து செட்டிங்ஸில் கன்ட்ரோலர் என்றொரு பிரிவு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. நீங்கள் தினமும் விளையாடும் கேம்களை ஒருமுறை இப்படிப் பார்த்துவிடுங்கள். அதில் ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் கன்ட்ரோலர் வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.

ஆதரவில்லாத கேம்களுக்கு கீமேப்பிங் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். கன்ட்ரோலரின் பட்டனை அழுத்தினால், திரையில் அந்த இடத்தைத் தொட்டதுபோல் ஃபோனை நம்பவைக்கும் செயலிகள் இவை. தனியாக விளையாடும் கேம்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் ஆன்லைனில் மற்றவர்களோடு மோதும் கேம்களில் வேண்டாம் என்பேன். பல கேம்களின் விதிமுறைகள் இதை ஏமாற்றுவேலையாகத்தான் பார்க்கின்றன. வருடக்கணக்கில் வளர்த்த கணக்கு தடை செய்யப்பட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். எதிரில் தொடுதிரையில் விளையாடுகிறவருக்கும் அது நியாயமில்லை.

அடுத்தது ஃபோனின் வயது. ஆப்பிள் 2013-இல், ஐஃபோன், ஐபேடின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 காலத்திலிருந்தே கன்ட்ரோலர்களை அனுமதித்தது என்றாலும், அதன் அங்கீகாரம் பெற்ற சில மாடல்கள் மட்டும்தான் வேலை செய்தன. 2019-இல் ஐஓஎஸ் 13 வந்தபோதுதான் கதவு திறந்தது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரும் பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் 4-ம் நேரடியாக இணைந்தன. 2021-இல் வந்த 14.5, பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸையும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலரையும் சேர்த்தது. 2022-இல் ஐஓஎஸ் 16 நின்டெண்டோ ஸ்விட்சின் ப்ரோ கன்ட்ரோலரையும், ஜாய்-கான் எனப்படும் அதன் சிறிய கழற்றக்கூடிய கன்ட்ரோலர்களையும் ஏற்றது. எனவே அலமாரியில் கிடக்கும் பழைய ஐபேடை விளையாட்டுக்கென்று ஒதுக்க நினைத்தால், அது எந்தப் பதிப்பு வரை அப்டேட் ஆகும் என்பதை முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டு இன்னும் நெடுங்காலமாக கேம்பேடுகளை (கன்ட்ரோலருக்கு இன்னொரு பெயர்) ஏற்று வருகிறது. ஆனால் ஃபோன் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். ஒரு ஃபோனில் சரியாக வேலை செய்த கன்ட்ரோலர் இன்னொன்றில் இரண்டு பட்டன்களை இடம் மாற்றிக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

புதிதாக வாங்குவதற்கு முன்னால் வீட்டில் கன்சோல் கன்ட்ரோலர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஒரு சந்தேகம் வரும். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்ததில் ப்ளூடூத் கிடையாது. 2016-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸோடு வந்த மாடலிலிருந்துதான் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. நடுவில் ஒளிரும் எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது கன்ட்ரோலரின் முகப்போடு ஒரே பகுதியாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேலே உள்ள பம்பர் பட்டன்களோடு சேர்ந்த பளபளப்பான தனித்துண்டாக இருந்தால் இல்லை. பழையது வாங்கும்போது படத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம்.

இணைக்கும் முறையும் ஆளுக்கு ஆள் வேறு. எக்ஸ்பாக்ஸில் மேல் விளிம்பிலுள்ள சிறிய பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், விளக்கு வேகமாகச் சிமிட்டும். டூயல்ஷாக் 4-இல் ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். டூயல்சென்ஸில் கிரியேட்டும் பிஎஸ்ஸும். அதன்பின் ஃபோனின் ப்ளூடூத் பட்டியலில் பெயர் வரும். இதில் எல்லாம் பெரிய சிரமம் இல்லை.

சிரமம் வருவது, ஒரே கன்ட்ரோலர் பல வேடம் போடும்போது. ஸ்விட்ச், கணினி, ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் கன்ட்ரோலர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட் வைத்திருக்கின்றன. 8பிட்டோ என்ற நிறுவனத்தின் பல மாடல்களில் ஸ்டார்ட் பட்டனோடு பி-யைச் சேர்த்து அழுத்தினால் ஆண்ட்ராய்டு மோட், ஒய்-யைச் சேர்த்தால் ஸ்விட்ச் மோட். சில மாடல்களில் பின்னால் ஒரு தள்ளுசுவிட்ச் இருக்கும். எந்த மோடில் எழுப்புகிறோமோ அந்தப் பெயரில்தான் அது ஃபோனிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். தவறான மோடிலும் ப்ளூடூத் இணைந்துவிடும் என்பதுதான் இங்கே குழப்பம். இணைந்துவிட்டது என்று திரை சொல்லும், கேமில் பாதி பட்டன் வேலை செய்யாது.

அக்கா மகன் ஒருநாள் இப்படித்தான் வந்து நின்றான். "சித்தி, ஏ அழுத்துனா பி வேலை செய்யுது. இது கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை. நின்டெண்டோ கன்ட்ரோலர்களில் ஏ வலதுபக்கம் இருக்கும், பி கீழே. எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலதுபக்கம். எக்ஸும் ஒய்யும் அதேபோல் இடம் மாறியிருக்கும். பட்டனில் அச்சடித்திருப்பது நின்டெண்டோ முறையில், கேம் எதிர்பார்ப்பது எக்ஸ்பாக்ஸ் முறையில் என்றால் இப்படித்தான் ஆகும். "எழுத்தப் பாக்காத கண்ணா, இடத்த ஞாபகம் வெச்சுக்கோ. கீழ இருக்கறது தாவ, வலதுல இருக்கறது பின்னால போக" என்றேன். அரைமணி நேரத்தில் பழகிக்கொண்டான். பழக விருப்பமில்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ஐஃபோனிலும் ஐபேடிலும் கன்ட்ரோலர் இணைந்திருக்கும்போது செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குள் கேம் கன்ட்ரோலர் என்று ஒன்று தோன்றும். அங்கே பட்டன்களை இடம் மாற்றலாம், வேண்டுமானால் ஒரு கேமுக்கு மட்டும்கூட.

மோடு விஷயத்தில் இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. ரேஸ் கேமில் ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தினால் பாதி வேகம் வர வேண்டும். அதற்கு ட்ரிகர், அதாவது பின்பக்கம் ஆள்காட்டி விரலால் அழுத்தும் பட்டன், அனலாகாக இருக்க வேண்டும், அதாவது எவ்வளவு அழுத்தினோம் என்ற அளவைச் சொல்ல வேண்டும். ஸ்விட்சின் ப்ரோ கன்ட்ரோலரில் ட்ரிகர்கள் வெறும் பட்டன்கள்தான்; அழுத்தம் உண்டு, அல்லது இல்லை, அவ்வளவே. ஆகவே எவ்வளவு நல்ல அனலாக் ட்ரிகர் கொண்ட கன்ட்ரோலராக இருந்தாலும், ஸ்விட்ச் மோடில் இணைத்தால் அதுவும் வெறும் பட்டனாகிவிடும். ஐஓஎஸ் 16-க்குப் பிறகு பல கன்ட்ரோலர்களை ஐஃபோனில் இந்த மோடில் இணைப்பது வழக்கமாகிவிட்டது, அது எளிதாக வேலை செய்யும் என்பதால். புதிர் கேமுக்கும் தாவும் கேமுக்கும் அது போதும். ரேஸ் கேம் பிடித்தவர்கள் எக்ஸ்பாக்ஸாகவோ டூயல்ஷாக்காகவோ தன்னைக் காட்டிக்கொள்ளும் மோட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

சரி, இணைந்தாகிவிட்டது. அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையில் கொஞ்சம் தாமதம் தெரிகிறதா? கன்ட்ரோலரைக் குறை சொல்வதற்கு முன்னால் காதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி நன்றாகவே தாமதித்து வரும். கை சரியாகத்தான் இயங்கும், ஆனால் சத்தம் பின்தங்குவதால் எல்லாமே மந்தமாகத் தோன்றும். ஒயர் ஹெட்ஃபோனோ ஃபோனின் ஸ்பீக்கரோ வைத்து ஒருமுறை விளையாடிப் பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும். இன்னொரு காரணம் காற்றில் இருக்கும் நெரிசல். ப்ளூடூத்தும் வைஃபையின் ஒரு பகுதியும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. நெரிசலைத் தவிர்க்க ப்ளூடூத் நொடிக்கு 1600 முறை வரை அலைவரிசை மாறித் தாவிக்கொண்டே இருக்கும், இருந்தாலும் ஹெட்ஃபோன், கன்ட்ரோலர், வைஃபை மூன்றும் ஒரே ஃபோனில் சேர்ந்து ஓடும்போது இடறும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

கணினியிலோ கன்சோலிலோ ஓடும் கேமை ஸ்டீம் லிங்க், ரிமோட் ப்ளே போன்றவை வழியாக ஃபோனில் விளையாடுகிறவர்களுக்கு இந்த 5 கிகாஹெர்ட்ஸ் மாற்றம் கட்டாயம். அங்கே படமே வைஃபை வழியாகத்தான் வருகிறது. வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. அதில் சில ஃபிரேம்கள் தாமதித்தாலே சண்டை கேமில் அடி வாங்கிவிடுவோம். மெதுவாக நகரும் கதை கேம்களில் அந்தத் தாமதம் மனதில் பதிவதே இல்லை. அதனால் ஸ்ட்ரீமிங்குக்கு நான் எடுத்துக்கொள்வது எப்போதும் பொறுமையான கேம்களைத்தான்.

இப்போது பிடிக்கும் விதம். உண்மையில் வாங்கியதை அலமாரியில் போடுவதா, தினமும் எடுப்பதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். மூன்று வழி இருக்கிறது. முதலாவது, கன்ட்ரோலரின் மேல் ஒரு கிளிப்பை மாட்டி அதில் ஃபோனை வைப்பது. படுத்துக்கொண்டோ பயணத்திலோ விளையாட வசதி. ஆனால் ஃபோனின் எடை முழுவதும் மேலே இருப்பதால் கன்ட்ரோலர் முன்னால் சாயும், மணிக்கட்டு அதைத் தாங்கும். பெரிய ஃபோன்களோடு கொஞ்ச நேரத்திலேயே வலி தெரியும். கிளிப்பைப் பின்பக்கமாகச் சாய்த்து, எடை கைகளுக்கு நேர்மேலே வருமாறு வைத்தால் ஓரளவு குறையும்.

இரண்டாவது, ஃபோனின் இரண்டு பக்கமும் கைப்பிடி வருமாறு இழுத்து மாட்டும் வகை. எடை இரண்டு கைக்கும் சமமாகப் போவதால் பிடிக்க மிக இதமாக இருக்கும். இவற்றில் பல ப்ளூடூத்தை விட்டுவிட்டு யூஎஸ்பி-சி வழியாக நேரடியாக இணைகின்றன. தாமதம் குறைவு, தனியாகச் சார்ஜ் போட வேண்டியதும் இல்லை, ஃபோனிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஐஃபோன் 2023-இல் 15-ஆவது வரிசையிலிருந்துதான் யூஎஸ்பி-சிக்கு மாறியது என்பதால், அதற்கு முந்தைய ஐஃபோனுக்கு வாங்குகிறவர்கள் பிளக்கைக் கவனிக்க வேண்டும். ஃபோன் கவரோடு பொருந்துமா, பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் கேமரா இடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். விளையாட உட்காரும் ஒவ்வொரு முறையும் கவரைக் கழற்ற வேண்டியிருந்தால், சில வாரங்களில் விளையாடுவதே நின்றுவிடும். கவரைக் கழற்றுவதில் ஒரு நன்மையும் உண்டு, ஃபோன் சூடு குறையும். சூடேறிய ஃபோன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித்திக்கி ஓடும்.

மூன்றாவது வழி, திரையைத் தனியாக நிறுத்திவிட்டுக் கன்ட்ரோலரை மட்டும் கையில் வைத்துக்கொள்வது. டேப்லெட்டுக்கு இதுதான் சிறந்தது. ஃபோனுக்கும் நான் பெரும்பாலும் இதையே செய்கிறேன். திரை கண்ணுக்கு நேராக இருக்கும்படி உயர்த்தி வைத்தால் கழுத்தைக் குனிய வேண்டியதில்லை. கழுத்துவலி உள்ளவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய நிம்மதி. கை நடுக்கமோ மூட்டுவலியோ உள்ள பெரியவர்களுக்கும் தொடுதிரையைவிடக் கன்ட்ரோலர் எளிது. ஐஓஎஸ் 16 முதல் இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஆட்டக்காரருக்கு இருவர் உதவும்படியும் வைக்கலாம். கடினமான இடத்தில் பக்கத்தில் இருப்பவர் கைகொடுக்கலாம். இந்த வசதியைப் பற்றி இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளாக ஆகப் பல கன்ட்ரோலர்களுக்கு வரும் நோய் ஒன்று: ஸ்டிக் ட்ரிஃப்ட். ஸ்டிக் என்பது கட்டைவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் சிறு குச்சி. ஸ்டிக்கைத் தொடாமலே பாத்திரம் மெதுவாக ஒரு பக்கம் நகரும். வழக்கமான ஸ்டிக்கின் அடியில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். அதில் ஒரு தொடுமுனை கார்பன் தடத்தின்மேல் உரசிக்கொண்டே நகர்கிறது. உரசல் இருந்தால் தேய்மானமும் இருக்கும். இப்போது வரும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகளில் உரசலே இல்லை. காந்தம் நகர்வதை உணரி அளக்கிறது. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு, நம் கட்டைவிரலுக்குக் கீழே வந்து சேர்ந்திருக்கிறது. புதிதாக வாங்குவதாக இருந்தால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதையே தேடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஏற்கெனவே ட்ரிஃப்ட் வந்துவிட்ட கன்ட்ரோலரையும் உடனே தூக்கிப்போட வேண்டாம். கேமின் செட்டிங்ஸில் டெட் ஸோனைச் சற்றுக் கூட்டினால் சிறிய அசைவுகளைக் கேம் கண்டுகொள்ளாது. எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அறிய, உலாவியிலேயே இயங்கும் கேம்பேட் சோதனைப் பக்கங்கள் இருக்கின்றன. ஸ்டிக் எவ்வளவு விலகி நிற்கிறது என்று எண்ணாகவே காட்டும். புதிதாக வாங்கிய அன்றும், பழையது வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன்னாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

பேட்டரியைப் பொறுத்தவரை, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இரண்டு ஏஏ செல் போடுவது பழைய முறை என்று தோன்றலாம். ஆனால் பல வருடம் கழித்தும் புது செல் போட்டால் புதுசுபோல் ஓடும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். ரீசார்ஜ் செய்யும் செல்களே போதும். உள்ளேயே பேட்டரி உள்ளவற்றை மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதாக இருந்தால், பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுவதும் தீர்ந்த நிலையில் கிடந்தால் லித்தியம் பேட்டரி பிறகு எழும்பாமலே போகலாம். பைக்குள் போடும்போது ஸ்டிக்குகள் எதிலும் அழுந்தாமல் இருக்கட்டும். நடுப்பட்டன் அழுந்தி உள்ளேயே விழித்துக்கொண்டால், ஊர் போய்ச் சேரும்போது சார்ஜ் இருக்காது. ஒரு சிறிய கெட்டியான உறை இரண்டையும் தடுக்கும்.

ஒரு கன்ட்ரோலரை ஃபோன், டேப்லெட், கன்சோல் மூன்றுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. பல கன்ட்ரோலர்கள் கடைசியாக இணைந்த சாதனத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். ஃபோனில் விளையாட எழுப்பினால் பக்கத்து அறையில் கன்சோல் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பழைய இணைப்பை அழித்துப் புதிதாக இணைப்பது அலுப்பான வேலை. முடிந்தால் கைச்சாதனங்களுக்கென்று ஒரு கன்ட்ரோலரை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு பேர் ஒரே டேப்லெட்டில் விளையாடும்போது பெரும்பாலான கேம்களில் முதலில் இணைந்த கன்ட்ரோலர்தான் முதல் ஆட்டக்காரர். யார் முதல் என்று சண்டை வந்தால் இரண்டையும் அணைத்துவிட்டு, முதல் ஆட்டக்காரருடையதை எழுப்பி, அது இணைந்தது உறுதியான பிறகு அடுத்ததை எழுப்புங்கள். கேம் ஏற்கெனவே திறந்திருந்தால் மூடித் திறக்க வேண்டியிருக்கும், நடுவில் சேரும் கன்ட்ரோலரைச் சில கேம்கள் கவனிப்பதில்லை.